முந்நூறு ரூபாயில் எழுந்துவிடுகிறவர்

காலை ஒன்பதே முக்காலுக்கு ராமசுப்ரமணியன், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையின் பையில் பேனாவைச் செருகிக்கொள்கிறார். அடுத்து கண்ணாடிக் கூடு, அதற்கடுத்து நான்காக மடித்த கைக்குட்டை. சாப்பாட்டு டப்பாவை மனைவி சாவித்ரி கையில் கொடுக்க வேண்டும். தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். "அப்போ, நான் ஜோலிக்குப் போய்ட்டு வரேன்" என்று நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கரமனை அக்கிரகாரத்தில் இறங்கி நடக்கிறார். வழியில் யாராவது நின்று பேச்சுக் கொடுத்தால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காண்பிப்பார். லேட்டாகிறது என்று அர்த்தம். ஐந்தாவது நிமிஷம், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு பழைய கிளப் கட்டடத்தின் மாடிப்படி ஏறி, பச்சைத் துணி விரித்த மேஜை முன் உட்கார்ந்து, பதிமூன்று சீட்டுகளைக் கையில் விரிக்கிறார். பணம் வைத்து ஆடும் ரம்மி. அதுதான் ஜோலி.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதினார். தொண்ணூற்றொன்பதில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கொடுத்த பணத்தை அப்படியே பாங்கில் டெபாசிட் போட்டுவிட்டு எட்டு மாதம் வேலை தேடினார். போன இடத்திலெல்லாம் பிள்ளை வயதுக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அறியிக்காம் சார்" என்றார்கள். மலையாளத்தில், சொல்லி அனுப்புகிறோம் என்று பொருள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த எட்டு மாதமும் சாயங்காலங்களில் பொழுது போவதற்காகக் கிளப்புக்குப் போய் ஆடினார். பெரும்பாலும் ஜெயித்தார். கணக்கெழுதிய கை சும்மா இருக்குமா, ஒரு மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். பழைய சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. அந்தக் கூட்டலை அவர் போடாமலே இருந்திருக்கலாம் என்று சாவித்ரி இன்றைக்கும் நினைக்கிறாள்.

"நான் சூதாடறவன் இல்லை, கேட்டயா. சூதாடறவனுக்கு எப்போ எழுந்துக்கணும்னு தெரியாது. எனக்குத் தெரியும்." இது அவருடைய கொள்கை விளக்கம். முந்நூறு ரூபாய் ஜெயித்ததும் எழுந்துவிடுவார். மணி பதினொன்றுதான் ஆகிறது, சீட்டு அள்ளிக்கொண்டு வருகிறது என்றாலும் எழுந்துவிடுவார். இருநூறு தோற்றாலும் அப்படியே. மேஜையில் டீ குடிப்பதில்லை, சிரிப்பதில்லை. யார் எந்தச் சீட்டைக் கீழே போட்டார்கள் என்பது ஆட்டம் முடியும்வரை அவர் தலைக்குள் வரிசையாக இருக்கும். சீட்டு மோசமாக வந்தால் முதல் சுற்றிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். முந்நூறில் எழுந்த பிறகும் நேரே வீட்டுக்கு வந்துவிட மாட்டார். கிளப் வராந்தாவில் பேப்பர் படித்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஐந்தே காலுக்குத்தான் வருவார். ஆபீஸ் விடுவது ஐந்து மணிக்கு அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிடே. கிளப்பில் அன்றைக்குத்தான் ஆடத் தெரியாதவர்கள் பை நிறையப் பணத்தோடு வருவார்கள். "அதுக்காக? ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்பார். விஷுவுக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் காஷுவல் லீவு. தோற்ற நாளுக்கு 'லாஸ் ஆஃப் பே' என்று பெயர். "இன்னிக்கு எப்படி?" என்று சாவித்ரி கேட்டால் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கால் அலம்பப் போய்விடுவார். போன ஓணத்துக்குத் தனக்குத் தானே ஃபெஸ்டிவல் அலவன்ஸ் கொடுத்துக்கொண்டார். அதில் சாவித்ரிக்கு ஒரு கைத்தறிப் புடவை வந்தது. அதை எடுத்துக் கட்டிக்கொள்ள அவளுக்கு இரண்டு வாரம் மனசு வரவில்லை.

மாதம் முதல் தேதி சம்பளம் உண்டு. பழுப்புக் கவரில் நோட்டுகளைப் போட்டு, சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, அவள் கையில் தருவார். கிளப் நோட்டுகள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பல கை பட்டுத் துணி மாதிரித் துவண்டு, சிகரெட் வாடை அடிக்கும். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜூன் மாதக் கவரில் பாதி நோட்டுகளுக்கு அந்த வாடை இல்லை. மொடமொடவென்று இருந்தன. ஓரத்தில், பாங்கில் கட்டுக் கட்டும்போது பின் அடித்த துளைகள் இருந்தன. ஜூலைக் கவரில் முக்கால்வாசி அப்படி. டெபாசிட்டை உடைத்து, சம்பளத்தில் குறைகிறதை அதில் நிரப்புகிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். இந்த வயதில் அவர் பொய் சொல்லவும் பழகிக்கொள்வாரே என்று பயந்தாள்.

மகள் மாளவிகா பி.எஸ்சி. கடைசி வருஷம். அடுத்து ஒரு கம்ப்யூட்டர் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஃபாதர்ஸ் ஆக்குபேஷன். எந்தா எழுதண்டது?"

"பிசினஸ்னு எழுது."

"எந்து பிசினஸ்?"

"பிசினஸ்னா பிசினஸ்தான். மேல கேட்டா அப்போ சொல்லிக்கலாம்."

மறுநாள் சாவித்ரி விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தபோது எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அந்த ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

கோமதிநாயகம் வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். திருநெல்வேலிக்காரர். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்காக ஒரு மெஸ் நடத்துகிறார். சாவித்ரி போடும் மோர்மிளகாய் பதினைந்து நாளுக்கொரு முறை அங்கே போகும். ஆகஸ்ட் முதல் வாரம் மிளகாய் வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மாமி, கல்லாவுல உக்கார நம்பிக்கையான ஆள் வேணும். ஐயர் சும்மாத்தான இருக்காக. மாசம் ரெண்டாயிரத்தி ஐநூறு தாரேன். ரெண்டு நேரம் சாப்பாடு."

சாவித்ரி உள்ளே திரும்பிப் பார்த்தாள். ராமசுப்ரமணியன் பேப்பரை இறக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் பதில் வந்தது.

"சும்மா இருக்கேனாமா? நாளொண்ணுக்கு முந்நூறு எங்கே, மாசத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு எங்கே. நீயே கூட்டிப் பாரு."

அவள் ஜூலைக் கவரை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "அது முதல் தேதி நிச்சயமா வருமோல்லியோ" என்று மட்டும் சொன்னாள்.

"இதுவும் வருது. சாரமில்லை, அதெல்லாம் பரவால்லை, நீ மோர் விடு."

கோமதிநாயகம் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவரும் எத்தனை நாள் காத்திருப்பார். தங்கை பெண் கல்யாணத்துக்காக வரும் திங்கட்கிழமை மத்தியான ரயிலில் ஊருக்குப் போகிறார். பத்து நாள் வர மாட்டார். ஒரு மணிக்குள் கல்லாச் சாவியை யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "ஐயர் வந்தா ஐயருக்கு. இல்லன்னா தென்காசியில ஒருத்தன் சொல்லி வச்சிருக்கான்" என்று போனில் சொன்னார்.

இதற்கிடையில் கிளப்பில் ஒரு காரியம் நடந்தது. அதை ராமசுப்ரமணியனே புதன்கிழமை வீட்டுக்கு வந்து, கால் கூட அலம்பாமல் சொன்னார். மேஜையில் அவரோடு தினமும் ஆடுகிறவர்களில் ஜெபசிங் என்று ஒரு மார்த்தாண்டம் காண்டிராக்டர். நல்ல மனிதர், மோசமான ஆட்டக்காரர். ராமசுப்ரமணியனின் முந்நூறில் பாதி எப்போதும் அவருடையதாக இருக்கும். அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு முந்நூறை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு இவர் எழுந்தபோது, ஜெபசிங் சீட்டுக் கட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"ஸ்வாமி, நீரு ஓரோ நாளும் ஜெயிச்சதும் எழும்பிப் போறீரு. விட்டதைத் திரிச்சுப் பிடிக்க எங்களுக்குச் சமயம் தர வேண்டாமா? நாங்க என்ன, உமக்குச் சம்பளம் தாற கம்பெனியா?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும், அது சரிதானே என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. மத்தியானத்துக்குள் செகரட்டரி ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டார். காலையில் உட்கார்ந்தவர்கள் நாலு மணி வரை ஆட வேண்டும். நடுவில் எழுந்தால் அன்று ஜெயித்த பணம் மேஜையிலேயே இருக்கும். தோற்றுக்கொண்டிருப்பவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

"இது நியாயமா, சொல்லு. இதென்ன, கைதியா நான்? என்னை மாத்திரம் உத்தேசிச்சுப் போட்ட ரூல் இது" என்றார். வேலையை விட்டு அனுப்பிய அன்றைக்குக்கூட அவர் இப்படிப் பேசவில்லை. சாவித்ரிக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. ஜெபசிங் சொன்னது நியாயமாகவும் பட்டது. இரண்டையும் வெளியே சொல்ல முடியாமல் காபி கலக்கப் போனாள்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு முந்நூறைத் தொட்டார். எழுந்துகொள்ள முடியவில்லை. நாலு மணிக்குள் அந்த முந்நூறும் போய், கையில் கொண்டுபோனதும் போயிற்று. மணி இரண்டுக்கு மேல் அவருக்குச் சீட்டு நினைவில் நிற்பதில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அத்தனை நேரம் அவர் உட்கார்ந்ததே கிடையாது. இருநூறில் எழுந்துவிடும் சட்டத்தையும் சனிக்கிழமை மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து 'லாஸ் ஆஃப் பே' என்று சொல்லவில்லை. நேரே போய்ப் படுத்துக்கொண்டார். பேனா சட்டைப் பையிலேயே இருந்து, படுக்கையில் மை கசிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டிலிருந்தார். மத்தியானம் மாளவிகா வெளியே போயிருந்தபோது சாவித்ரி எதிரே வந்து உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏன்னா, டெபாசிட்ல இன்னும் எவ்வளவு இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "பாதி" என்றார். சற்றுப் பொறுத்து, "பாதிக்குக் கொஞ்சம் கீழே" என்றார்.

"நாளைக்குக் கழக்கூட்டம் போலாமே. நானும் கூட வரேன்."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "ஆவட்டும். போலாம்." சாவித்ரிக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் பேனாவைச் செருகிக்கொண்டார்.

"பதினொண்ணரைக்குக் கிளம்பினாப் போறுமே" என்றாள் சாவித்ரி.

"அதான். அதுக்குள்ள ஒரு மணி நேரம் கிளப்புக்குப் போய்ட்டு வந்துடறேன். பத்துக்கு உக்காந்து பதினொண்ணுக்கு எழுந்துடுவேன். மூணு நாளா போனதுல கொஞ்சமாவது திரிச்சு எடுக்க வேண்டாமா."

"எழுந்துக்க விடுவாளா?"

"தோத்துண்டிருந்தா யார் தடுக்கப் போறா?" செருப்பில் கால் நுழைத்துக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சுண்டிருந்தா, அப்பறம் எதுக்குக் கழக்கூட்டம்?"

விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் சாவித்ரி வாசலிலேயே நின்றாள். டப்பாவை அவள் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷமாகத் தினம் காலையில் விளக்கேற்றும்போது அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அவருக்கு நல்ல சீட்டு வரட்டும் என்பதுதான் அது. சூதாட்டத்துக்குப் போய் பகவானைத் துணைக்குக் கூப்பிடுகிறோமே என்று கூசிக்கொண்டே வேண்டுவாள். அன்றைக்குக் குளித்துவிட்டு விளக்கின் முன் நின்றபோது அது வாயில் வரவில்லை. அவர் ஜெயித்தால் எழுந்திருக்க மாட்டார். தோற்றால் வருவார். தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டிய கணவன் தோற்க வேண்டும் என்று கும்பிட்ட கையைப் பிரிப்பதற்கு முன், 'இருநூறு போறும், அதுக்கு மேல வேண்டாம்' என்று சேர்த்துக்கொண்டாள்.

பதினொன்று அடித்தது. பதினொன்றே கால். அவள் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்து, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கிழக்கேகோட்டை ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு இன்னொன்று. எப்படிப் போனாலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போன் அடித்தது.

"மாமி, ஐயர் கெளம்பியாச்சா?" கோமதிநாயகம்தான். "தென்காசிப் பையன் பொட்டியோட வந்து வாசல்ல உக்காந்துட்டான். உங்களுக்காகத்தான் சாவியக் குடுக்காம வச்சிருக்கேன்."

"கிளம்பிண்டே இருக்கார்" என்றாள் சாவித்ரி. அவள் சொன்ன பொய் இத்தனை சுலபமாக வந்ததே என்று அப்போது யோசிக்க நேரமில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஓடவில்லை, ஆனால் நடந்தாள் என்றும் சொல்ல முடியாது.

அந்த மாடிப்படியில் பெண்கள் யாரும் ஏறி அவள் பார்த்ததில்லை. கைப்பிடி பிசுபிசுவென்று இருந்தது. மேலே போனதும் புகையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மேஜையும் ஐந்து தலைகளும் தெரிந்தன. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நோட்டுகள் குவிந்து கிடந்தன. முந்நூறு எவ்வளவு உயரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அதைப்போல மூன்று மடங்கு. வேண்டுதல் பலிக்கவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொண்டாள்.

முதலில் அவளைப் பார்த்தவர் ஜெபசிங்தான். சிகரெட்டை அணைத்துவிட்டுப் பாதி எழுந்தார்.

"ஸ்வாமி, வீட்ல உள்ளவிய வந்திருக்கியாவ."

ராமசுப்ரமணியன் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்து சாவித்ரி திகைத்தாள். நான்கைந்து நாளாக இல்லாத களை. கல்யாணமான புதிதில் பிரமோஷன் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்த அதே முகம்.

"ஏன்னா, மணி பதினொண்ணே முக்கால்" என்றாள். "சாவியை வெச்சுண்டு காத்துண்டிருக்கார். இப்போ கிளம்பினாக்கூடப் போயிடலாம்."

அவர் செகரட்டரி ஒட்டிய தாளைக் கண்ணால் காட்டினார். எழுந்தால் இதெல்லாம் இங்கேயே போய்விடும் என்று அர்த்தம். சாவித்ரி, போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜெபசிங் குறுக்கிட்டார். ஒரு பெண்பிள்ளை படியேறி வந்து நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஸ்வாமி, அம்மாவ ஏதோ அவசரமாட்டு வந்து நிக்கியாவ. நீரு ஜெயிச்சதையும் எடுத்துக்கிட்டு எழும்பும். ஒட்டி வச்ச நியமம் எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். என்ன செல்லுதிய?"

மற்ற மூவரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். ஒருவர் நாற்காலியை ஒதுக்கி வழி கூட விட்டார். சீட்டு அப்போதுதான் போட்டிருந்தது. ராமசுப்ரமணியனுக்கு வந்த பதிமூன்றும் அவர் முன்னால் கவிழ்ந்து கிடந்தன, இன்னும் தொடவில்லை. தடுக்க யாருமில்லை. பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தால் முடிந்தது. சாவித்ரி அவர் கையைப் பார்த்தாள். கை நோட்டுகளின் மேல் போயிற்று. கலைந்து கிடந்தவற்றை அடுக்கி, ஓரம் தட்டி நேராக்கியது. பிறகு அங்கேயிருந்து நகர்ந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கத் தொடங்கியது.

"செத்த உக்காரு, சாவித்ரி. இந்த ஒரு கை."

சொல்லிவிட்டு, விரித்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.